புனல் என்றால் என்ன?

பதில் தெரியாமல் வேலையைக் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பதில் அதிகமாகத் தெரிந்து கோட்டை விட்டவன். (இந்தப் பெருமையில் இதுவரை யாரும் பங்கு கேட்டதில்லை.)

தொண்ணூறுகளின் நடுவில், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் துபாய், குவைத் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஆற்றில் தண்ணீர் வராத குறுவை. அப்பா குத்தகை நிலத்துக்கு டீசல் எஞ்சின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இழுப்பு வேறு. எஞ்சின் புகை பட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்கு ஒரு வேலை கிடைத்தால் குத்தகையை விட்டுவிடலாம் என்பதுதான் வீட்டின் ஒரே திட்டம்.

கூடப் படித்த சாதிக்கின் மாமா மூலமாகச் சேதி வந்தது. துபாயில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்டோர் கீப்பர் வேண்டுமாம். தஞ்சாவூர் லாட்ஜ் ஒன்றில் இன்டர்வியூ. இருவரும் போனோம். பஸ்ஸில் வழி முழுக்க நான் 'மைசெல்ஃப்' என்று தொடங்கும் வாக்கியங்களை உருப்போட்டேன்.

இன்டர்வியூ செய்தவர் நல்ல மனிதர். என் வியர்வையைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"பயப்படாதீங்க தம்பி, தமிழ்லயே கேக்குறேன். ஸ்டோர்ல இருக்குற சாமான்தான். புனல்னா என்ன?"

சாமான் என்ற சொல் என் காதில் விழவே இல்லை. தமிழ் என்றதும் மூன்று வருஷப் படிப்பு மதகு திறந்தாற்போல் வந்துவிட்டது.

"புனல்னா ஆத்து வெள்ளம் சார். புதுசா வந்தா புதுப்புனல். காவிரி பாயுறதால சோழநாட்டுக்கே புனல்நாடுன்னு பேரு."

அவர் பேனாவை மூடினார். "அதை ஸ்டோர்ல எங்க வைப்பீங்க?"

"வைக்க முடியாது சார். ஓடிக்கிட்டே இருக்கும்."

அடுத்துப் போன சாதிக் இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்தான்.

"என்னடா கேட்டாரு?"

"புனல்னா என்னன்னாரு. டீசல் ஊத்துறதுக்கு வைக்கிறதுன்னேன்."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் அதற்கு வச்சூத்தி என்று பெயர். மெக்கானிக் கடையில் அதைத்தான் புனல் என்பார்கள். தினமும் அதை எஞ்சின் டேங்கில் செருகி டீசல் ஊற்றுகிறவனே நான்தான். (கையில் இருந்ததை விட்டுவிட்டுக் காவிரிக்குப் போன மேதை.) வேலை சாதிக்குக்கு. லாட்ஜ் வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம்கூட அப்புறம்தான், அப்பா முகத்தில் எப்படி முழிப்பது?

மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் சாதிக்கின் மாமா வழியாகச் சேதி எனக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தது.

"வச்சூத்தின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை எஞ்சின் கொட்டகையில், டீசல் கேனைத் தூக்கிப் பிடித்தபடி, அப்பா மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"அந்தச் சோழநாட்டை எடுடா."

எடுத்துக் கொடுத்தேன். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்த எஞ்சினோடு மல்லுக்கட்டினார்.

இப்போது அப்பா இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். டின்னிலிருந்து கடலெண்ணெயைப் பாட்டிலுக்கு மாற்றும்போதெல்லாம் மனைவி குரல் கொடுப்பாள்: "ஏங்க, அந்தச் சோழநாட்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க." பிள்ளைகளுக்கு அந்தச் சாமானுக்கு வேறு பெயரே தெரியாது. போன மாதம் மகள் பாத்திரக் கடையில், "அண்ணே, பிளாஸ்டிக்ல சோழநாடு இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் யார் அதைக் கேட்டாலும், எனக்கு முதலில் கேட்பது அப்பா மூச்சு வாங்கும் சத்தம்தான்.