செம்பு பூசிய நிக்கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

இவோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே சட்பரியில் அனைவரும் நலம், என் வயிற்றைத் தவிர. டிம்மின்ஸில் நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உங்கள் முழங்காலையும் அம்மாவின் தக்காளிச் செடிகளையும் முறைப்படி விசாரித்ததாகக் கொள்ளவும்.

இதை ஃபோனில் சொல்லத்தான் நினைத்தேன். உங்கள் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எழுத்தில் மழை வராது.

போன ஞாயிற்றுக்கிழமை என் வருங்கால மாமனார், காயாவின் அப்பா ரெய்னோ, உங்களை ஃபோனில் கூப்பிட்டார். "என் நிக்கல் மேல உங்க செம்பைப் பூசச் சொன்னீங்களாமே, சம்பந்தி?" என்று கேட்டார். எந்த நிக்கல், எந்தச் செம்பு என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஆமா, சொன்னேன். இப்ப அதுக்கென்ன?" என்றீர்கள். பக்கத்தில் நின்று கேட்டவர் காயாவின் அம்மா ரித்வா அத்தை.

அப்பா, நீங்கள் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதாக நான் சொன்னேன். அந்தப் பொய் எப்படி வந்தது என்று எழுதுகிறேன். நியாயப்படுத்த அல்ல. நியாயம் எதுவும் இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று ஃபின்னிஷ் மன்றத்தில் எல்லோர் முன்னாலும் மாமா தன் பெல்ட்டைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெல்ட்டின் பக்கிள் சுத்த நிக்கல். அவர் ஓய்வு பெற்ற அன்று உருக்காலைக் கூட்டாளிகள் வார்த்துக் கொடுத்தது. நடுவில் உருக்காலைப் புகைபோக்கியின் உருவம். "இது துருப்பிடிக்காது, கறுக்காது. நீயும் அப்படி இருக்கணும், மாப்ளே" என்றார். கூட்டம் கைதட்டியது. நீங்கள் மட்டும் தட்டவில்லை. செம்புச் சுரங்கத்தில் வாழ்நாள் முழுக்க உழைத்தவர் நிக்கலுக்குக் கைதட்ட மாட்டார் என்று அம்மா எனக்குக் கண்ணால் சொன்னார்.

அந்த வாரமே தொப்புளுக்குக் கீழே அரிப்பு. பிறகு சிவப்பு. பிறகு கொப்புளம். டாக்டர் பார்த்தார். என் பெல்ட்டைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"உனக்கு நிக்கல் ஆகாதுப்பா. சில பேர் தோலுக்கு ஒத்துக்காது."

"இந்த ஊர்லயா?"

"ஊரை மாத்து, இல்ல பெல்ட்டை மாத்து. என்கிட்ட களிம்பு மட்டுந்தான் இருக்கு."

இரண்டையும் மாற்ற முடியவில்லை. மீன்காரர் வீட்டில் பெண் கேட்டுவிட்டு மீன் வாசம் ஒத்துக்கொள்ளாது என்று யார் சொல்வார்கள்? நேரே போய்ச் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. சொல்ல வேண்டிய இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்பது என் படிப்பு எனக்குக் கொடுத்த பழக்கம். முதலில் பக்கிளுக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டினேன். வியர்வையில் உரிந்தது. நிறமில்லாத நகப்பூச்சு பூசினேன். அதுவும் உரிந்தது. அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் கெட்டது.

தனிம அட்டவணையில் நிக்கல் இருபத்தெட்டு, செம்பு இருபத்தொன்பது. அடுத்தடுத்த வீடு. ஒரே அளவு துண்டு எடுத்தால் கனமும் ஏறக்குறைய ஒன்றுதான். குணம்தான் வேறு. ஒன்று வெள்ளை, விறைப்பு, எளிதில் வளையாது, முகம் மாறாது, எஃகோடு சேர்ந்தால் எஃகையும் துருவிலிருந்து காப்பாற்றும். மற்றது சிவப்பு, இளகல், அடித்த பக்கம் நீளும். சூட்டையும் மின்சாரத்தையும் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாது, வந்தவுடன் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். காற்றும் ஈரமும் பட்டால் பச்சையாகும். நான் இங்கே உலோகங்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன், அப்பா.

செம்பு என் தோலை ஒன்றும் செய்யாது. சின்ன வயதில் உங்கள் செம்பு வளையத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். ஆகவே நிக்கல் மேல் செம்பு முலாம். பின்பக்கம் மட்டும் பூசுவதாகத் திட்டம். சமையலறையில் வினிகர், உப்பு, ஒரு பேட்டரி, நீங்கள் குழாய் மாற்றியபோது விட்டுப்போன செம்புத் துண்டு. கம்பியை மாட்டிவிட்டு ஒரு நாவலை எடுத்தேன். நாவல் நன்றாக இருந்தது. தலை நிமிர்ந்தபோது பின்பக்கம், முன்பக்கம், புகைபோக்கி, எல்லாம் சிவப்பு. துருவே பிடிக்காத உலோகத்தை, பார்ப்பதற்குத் துருப்பிடித்தது போல ஆக்கியிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. மாமா வீட்டில் சனிக்கிழமை என்றால் ஆண்கள் எல்லோரும் சௌனா நீராவி அறையில். மாமாவும், அத்தையின் தம்பி ஓலாவியும், நானும். நீராவியில் யாரும் எதையும் உடுத்துவதில்லை. ஓலாவி மேல் பலகையிலிருந்து குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ளே, வயித்துல? தேசப்படமா?"

"கொசு கடிச்சிருச்சு."

"கொசு சதுரமாவா கடிக்கும்?"

மாமா சூடான கல் மேல் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். நான் எரிச்சல் தாங்காமல் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினேன். பின்னாலேயே வந்த ஓலாவி கொக்கியில் தொங்கிய என் பெல்ட்டைப் பார்த்துவிட்டார்.

"ரெய்னோ, இங்க வா. உன் பக்கிள் வெக்கத்துல சிவந்து போயிருக்கு."

மாமா வந்தார். கையில் எடுத்தார். நகத்தால் சுரண்டினார். ஓரத்தில் வெள்ளை தெரிந்தது.

"செம்பா?"

"ஆமா, மாமா."

"ஏன்?"

என் உடம்பில் ஒரு துண்டு மட்டும் இருந்தது. மறைத்துக்கொள்ள வேறு எதுவும் அகப்படாததால் உங்களை எடுத்துக்கொண்டேன். "அப்பாவோட ஆசை. எங்க வீட்டு உலோகமும் கொஞ்சம் இருக்கட்டும்னு சொன்னாரு."

அவர் பக்கிளை என்னிடம் திருப்பித் தரவில்லை. அது என்னைச் சுட்ட அளவுக்கு அந்த நீராவி சுடவில்லை.

பிறகு ஃபோன். உங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் அத்தை சொன்னது இது. "உங்க வீட்டுச் சமையல் தொட்டி, கரண்டி, கத்தி, அத்தனைலயும் எங்க நிக்கல்தான்" என்று மாமா ஆரம்பித்தாராம். "அந்தத் தொட்டியப் பாக்க லைட் போடுறீங்களே, கரண்டு எதுல வருது?" என்றீர்களாம். உங்கள் செம்பைக் காந்தம்கூட மதிக்காது என்றார் அவர். "எங்க செம்பு எவன் பின்னாலயும் போகாது, சம்பந்தி. காந்தத்தைக் கண்டதும் வாலாட்டிட்டு ஓடுறது உங்க நிக்கல்தான்." பச்சையாகப் போகிற உலோகம் ஓர் உலோகமா என்று அவர் கேட்க, "ஒட்டாவா நாடாளுமன்றக் கூரையே பச்சைதான். இடிஞ்சா விழுந்துருச்சு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, அவர் வரும் கல்யாணத்துக்கு நீங்கள் வர மாட்டீர்கள். நீங்கள் வரும் கல்யாணத்துக்கு அவர் வர மாட்டார்.

கல்யாணம் அடுத்த சனிக்கிழமை, அப்பா.

காயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க ஊர்ல ஒரே பாறையிலேர்ந்துதான் ரெண்டும் வருது" என்றாள். பிறகு, "எங்கப்பா உன்னை மன்னிக்கிறது அப்புறம். செய்யாத தப்பை எதுக்குன்னே தெரியாம உங்கப்பா தலையில ஏத்துக்கிட்டாரே, அவருக்கு முதல்ல எழுது. எழுதாம வந்து என் பக்கத்துல நிக்காத" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன். தைரியம் இல்லாததால் உங்கள் பெயரைப் பயன்படுத்தினேன். நீங்களோ கேள்வியே கேட்காமல் அதற்குப் பொறுப்பேற்றீர்கள். எனக்காக என்று நினைத்துப் பார்த்தேன். செம்புக்காகவாகவும் இருக்கலாம். எப்படியானாலும் வெட்கத்தின் அளவு குறையவில்லை. தயவுசெய்து ரெய்னோ மாமாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள், ஒரு வார்த்தை வருத்தமும் தெரிவியுங்கள். நான் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். வயிற்றையும் காட்டுகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு. கோபம் தீர்ந்த பிறகு, மிச்சம் இருந்தால், எனக்கு உங்கள் ஆசி.

உங்கள் மகன்
இவோ

பி.கு.: உறை ஒட்டும்போது ரித்வா அத்தை ஃபோன் செய்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் சாயங்காலம் நீங்களும் மாமாவும் செம்பா நிக்கலா என்று ஃபோனில் வாதாடிக்கொண்டிருக்கிறீர்களாம். நேற்று மாமா உங்களைப் பாதியில் நிறுத்திவிட்டு, காந்தம் தேடப் பரணில் ஏறினாராம். "அந்தச் செம்புக்காரருக்கு நேர்ல பதில் சொல்லணும்" என்று கல்யாணத்துக்கு வருகிறாராம். நீங்களும் அதே காரணத்துக்காக வருவதாகச் சொல்லிவிட்டீர்களாம். "இப்பப் போய் யாராவது மன்னிப்புக் கேட்டு இதைக் கெடுத்தீங்கன்னா பாரு" என்றார் அத்தை. ஆகவே மேலே எழுதியதில் எதையும் மாமாவிடம் சொல்ல வேண்டாம். வருத்தம் தெரிவிக்கவே வேண்டாம். முலாம் பூசச் சொன்னது நீங்கள்தான். என் வெட்கத்தை இறக்கி வைக்க இனி எனக்கு இடமில்லை, நானே சுமந்துகொள்கிறேன்.

இன்னொன்று. பழைய கூட்டாளிகளிடம் சொல்லி மாமா புதிதாக இரண்டு நிக்கல் பக்கிள் வார்க்கச் சொல்லியிருக்கிறார். ஒன்று எனக்கு. மற்றது சம்பந்திக்கு. மேடையில் எல்லோர் முன்னாலும் தன் கையாலேயே இறுக்கிக் கட்டிவிடுவாராம். நிக்கல் ஆகாத இந்தத் தோல் உங்களிடமிருந்து வந்ததா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீளமான பனியன் போட்டு வாருங்கள். எனக்கும் ஒன்று எடுத்து வாருங்கள்.