கண்ணாடிகளுக்குக் கீறல் விழக் கூடாது

ஆபத்தைக் கண்டு பயப்படுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். ஆபத்தை மதிக்காதவர்களையும் தெரியும். அவர்களுடைய நாற்காலிகள் சீக்கிரமே காலியாகிவிடும். இந்த இரண்டிலும் சேராமல், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, மூன்றாவதாக ஓர் இனம் நடமாடுகிறது. மனிதர்களைக் காப்பாற்றும் பொருள்களை மனிதர்களிடமிருந்து காப்பாற்றும் இனம்.

இது எங்கும் வாழும். ஆனால் அதன் முழுப் பொலிவையும் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஓர் ஆய்வகத்தின் ஆசிரியரை மாணவர்கள் 'கவர் சார்' என்று அழைத்தார்கள். பாதுகாப்புக் கண்ணாடிகள் வந்து இறங்கிய அன்று அவர் பிள்ளை பெற்றவர்போல் பூரித்துப்போனார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், வந்த பிளாஸ்டிக் உறையிலேயே திரும்ப நுழைத்தார், அந்த உறைக்கு மேல் இன்னோர் உறை போட்டார், இரும்பு பீரோவில் அடுக்கினார், பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார், நாலடி நடந்தார், மனசு கேட்காமல் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"கண்ணாடி எப்ப சார் தருவீங்க?"

"எதுக்கு?"

"போட்டுக்கத்தான் சார்."

"தினம் போட்டா கீறல் விழும்டா. அப்புறம் ஆபத்துன்னு ஒண்ணு வர்றப்ப எதைப் போடுவே?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பையன் வெறுங்கண்ணோடு சோதனைக்குழாயை எடுத்தான்.

சட்டமிட்ட விதிப் பலகை ஒன்றும் அங்கே உண்டு. 'சூடாக்கும்போது சோதனைக்குழாயின் வாயை யார் பக்கமும் திருப்பாதே' என்பது அதில் முதல் விதி. வெயில் பட்டு எழுத்து மங்கிவிடும் என்பதால் பலகை சுவரைப் பார்த்து நின்றது. சுவர் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றியது. தீயணைப்பான், கண்டவர்கள் கைவைத்துவிடாதபடி, பீரோவுக்குப் பின்னால் இருந்தது. கண்ணில் ஏதாவது தெறித்தால் ஓடிப்போய்க் குனிவதற்கென்று சுவரோரம் கண் கழுவும் குழாய் ஒன்று இருந்தது. அதன் தலையில் சாக்கு மாட்டி, சணல் கயிற்றால் இறுக்கி, முடிச்சின்மேல் முடிச்சு போட்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "தூசி விழுந்த குழாயில கண்ணைக் கழுவலாமா?" என்பார். எவ்வளவு அக்கறை!

அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் எல்லாம் உயிர்த்தெழும். பலகை முகம் திருப்பும். சாக்கு இறங்கும். பிள்ளைகள் கண்ணாடி அணிந்து, ஆவி படியாதபடி மூச்சை அளந்து விட்டுக்கொண்டு, வரிசையாக நிற்பார்கள். அதிகாரி கைகுலுக்குவார். அவருடைய கார் வாசலைத் தாண்டுவதற்குள் கண்ணாடிகள் உறைக்குள் போய்விடும்.

அந்த வகுப்பில் அவருடைய மச்சினி மகளும் படித்தாள். வீட்டில் பெரியப்பா, ஆய்வகத்தில் சார். ஒருநாள் பக்கத்திலிருந்த பையன் சோதனைக்குழாயில் காஸ்டிக் சோடா கரைசலைச் சூடாக்கினான். குழாயின் வாய் அவள் பக்கம் இருந்தது. குபுக்கென்று பொங்கித் தெறித்தது.

"ஐயோ, கண்ணு! பெரியப்பா, கண்ணு!"

பெரியப்பா பாய்ந்து ஓடினார். எங்கே? கண் கழுவும் குழாய்க்கு. குனிந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"அறுத்துடுங்க சார்!" என்று கத்தினாள் அவளுடைய தோழி.

"இரும்மா, இரு. நல்ல கயிறு."

"கத்தரிக்கோல் எங்க சார்?"

"பீரோவுல. சாவி கொத்துல இருக்கு. எதுன்னு பார்க்கணும்."

முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது நகத்துக்குப் பிடிபடவில்லை. தோழி அதற்கு மேல் காத்திருக்கவில்லை. அவளைக் கழுத்தோடு பிடித்துப் பிப்பெட் கழுவும் தொட்டிக்கு இழுத்துப்போய், இமையை விரல்களால் பிரித்து, குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டாள். நிறுத்தவே இல்லை. பாவாடை நனைந்தது, மேசை நனைந்தது, அறையே நனைந்தது.

"தரை, தரை!" என்றார் கவர் சார், கையில் முடிச்சோடு.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உடனே தண்ணி விட்டது யாரு? அந்தப் பொண்ணுக்கு ஒரு கும்பிடு போடுங்க. கொஞ்சம் தாமதிச்சிருந்தா இந்தக் கண்ணு இல்ல" என்றார். கவர் சார் தலையாட்டினார். வெளியே வந்ததும் மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "நல்லவேளை, அந்தக் குழாய் இன்னும் புதுசாவே இருக்கு."

கட்டுப்போட்ட கண்ணோடு அவள் பெரியப்பா வீட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக் தாள் பிரிக்காத சோபாவில் உட்கார்ந்தாள். அது சரக்கென்று முனகியது.

"பார்த்து உக்காரும்மா, கிழிஞ்சுடும்" என்றார் அவர். பிறகு, ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, "இனிமேயாவது ஜாக்கிரதையா இரு" என்றார்.

அவள் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"என் கண்ணையும் கவர் போட்டு பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கலாமே பெரியப்பா. கீறல் விழாம இருந்திருக்கும்."

சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "நல்லாக் கேளுடி! கல்யாணத்துக்கு வந்த தட்டுல இன்னிக்கு வரைக்கும் ஒரு வாய் சாப்பிட விட்டதில்ல இந்த மனுஷன்."

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று கேள்வி. நம்மாளும் மனிதர்தானே? மறுநாள் பீரோவுக்கு மாற்றுச் சாவி செய்துவந்தார். அவசரத்துக்கு மாணவர்களே எடுத்துத் திறக்கலாம் என்று வகுப்பில் அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் நெகிழ்ந்துபோனார். பிறகு யோசித்தார். இவ்வளவு முக்கியமான சாவி தொலைந்துபோனால்? அதற்கு ஓர் உறை போட்டார். பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் தலைக்கவசம் வண்டியின் கைப்பிடியில்தானே தொங்குகிறது? வியர்வை பட்டால் உள்பஞ்சு கெட்டுவிடும், சரிதான். முதலுதவிப் பெட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு எட்டுகிறதா? எட்டினாலும் அது பூட்டியிருக்குமே, சாவி எங்கே?

அவசரமில்லை. நிதானமாகத் தேடுங்கள். கிடைக்கும்வரை யாரும் விரலை வெட்டிக்கொள்ள வேண்டாமென்று மட்டும் வீட்டில் சொல்லிவையுங்கள்.