யாரப்பாக்க அண்ணனின் கிள்ளான் கிளை

மலேசியாவில் முடி வெட்டிக்கொண்ட ஆண்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். யாரப்பாக்க அண்ணனிடம் தலையைக் கொடுத்தவர்கள் ஒரு வகை. முடியை மட்டும் குறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் மற்றொரு வகை.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் ரோட்டுப் பக்கம் அவருடைய கடை இருந்தது. அதற்கு நேர் மேலே, மாடியில், ஒரு வக்கீல் ஆபீஸ். அதில் நான் டைப்பிஸ்ட். அவருக்கும் எங்களுக்கும் நடுவே இருந்தது ஒரு பழைய பலகைத் தரைதான். என் டைப்ரைட்டர் ஓய்ந்திருக்கும் நேரமெல்லாம் அவர் பேச்சு ரேடியோ மாதிரி மேலே வரும். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வேறு எந்தக் கடையிலும் நாற்காலியில் உட்கார்ந்தவுடன், எப்படி வெட்டணும் என்று கேட்பார்கள். அவர் கேட்க மாட்டார். துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டு, எதிரே வந்து நின்று, முகத்தை நேராகப் பார்த்து, “இங்கேருந்து யாரப் பாக்கப் போறீங்க, அண்ணே?” என்பார். பதில் வந்தால்தான் கையில் கத்தரி ஏறும்.

“எப்படி வெட்டணும்னு அவருக்குத் தெரிஞ்சா அவரே வெட்டிக்குவாரு லா,” என்று ஒருநாள் படிக்கட்டில் நின்று எனக்கு விளக்கினார். “நம்ம முடிய நாமளா பாக்குறோம், தங்கச்சி? எதிர்ல நிக்கிறவங்கதான பாக்குறாங்க. அப்ப அவங்களுக்குத்தான வெட்டணும்?”

ஆகவே பெண் பார்க்கப் போகிறவனுக்கு ஒரு வெட்டு. பெண்ணின் அப்பாவைத் தனியாகச் சந்திக்கப் போகிறவனுக்கு வேறு வெட்டு. கடன் கேட்டு பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போகிறவர் என்றால் காதோரத்தில் கொஞ்சம் கஷ்டம் தெரிய வேண்டும். ஆனால் இவன் திருப்பிக் கட்டமாட்டான் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. மாமியாரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் வெட்டி முடித்துத் தோளில் தட்டிக் கொடுப்பார். அதற்கு மேல் கத்தரியால் ஆகக்கூடியது எதுவும் இல்லையாம்.

என் முதலாளி யாழ்ப்பாணத்து வக்கீல்; ஆண்கள் யாரையும் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார். கோர்ட்டில் அவர் பேச ஆரம்பித்தால் மின்விசிறிகூடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும் என்பார்கள். அவருடைய கட்சிக்காரர்கள் மாடி ஏறுவதற்கு முன்பே கீழே உட்கார்ந்து ஒரு ‘மாஜிஸ்ட்ரேட் கட்டிங்’ போட்டுக்கொண்டுதான் வருவார்கள். மோட்டார் சைக்கிளில் ரேஸ் விட்டு மாட்டிய செந்தூல் இளைஞன் ஒருவன் தோள் வரைக்கும் முடியோடு வந்தான். மறுநாள் கூண்டில் நின்ற அவனைப் பார்த்து, சாட்சி ஏன் அங்கே நிற்கிறார், இறங்கி வரச் சொல்லுங்கள் என்றாராம் மாஜிஸ்ட்ரேட். அபராதத்தோடு தப்பித்தான். தப்பித்தவன் மாடிக்கு வந்து நன்றி சொல்லவில்லை. கீழே அண்ணனுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

முதலாளி கறுப்புக் கோட்டோடு தடதடவென்று படியிறங்கிப் போனார்.

“கோர்ட்டில நிண்டு கத்தினது நான். பழம் உமக்கோ, ஐசே?”

“ஐயா பேசுனத மாஜிஸ்ட்ரேட்டு கேட்டாரு. நான் வெட்டுனத அவரு பாத்தாரு. எது முன்ன நடந்துச்சு, சொல்லுங்க?” என்று கேட்டுவிட்டு, அண்ணன் பாதிச் சீப்பைப் பிய்த்து நீட்டினார். முதலாளி வாங்கிக்கொண்டு மேலே வந்தார். எனக்கும் ஒரு பழம் கிடைத்தது.

சில சமயம், “யாரையும் பாக்கலப்பா,” என்று பதில் வரும். ரயில்வேயில் ஓய்வு பெற்று, தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். உடனே அண்ணன் குரல் வரும்: “அப்ப ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு வாங்க. என் பொஞ்சாதியப் பாக்கலாம். மீன் கொழம்பு வைக்கச் சொல்றேன்.” அதன் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்றபடி கத்தரி நகரும். அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. வருகிறவருக்கு வீட்டில் நிஜமாகவே இலை போடப்படும். அவர் மனைவி பாக்கியம் அக்கா என்னிடம் அலுத்துக்கொண்டார்: “வாரா வாரம் ஒரு ஆளு வருது. யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தங்கச்சி, வர்றவங்க தல மட்டும் அழகா இருக்கு.”

இப்படி இருந்த மனிதரைக் கெடுத்தது ஒரு பொரித்த கோழி.

கோலாலம்பூரில் ஒருநாள் அந்தக் கோழியைச் சாப்பிட்டிருக்கிறார். உறவினர் கல்யாணத்துக்குக் கிள்ளான் போனபோது அதே பெயர் போட்ட கடையில் மறுபடியும் சாப்பிட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலையில், கடையைக்கூடத் திறக்காமல், மாடிக்கு வந்துவிட்டார்.

“ரெண்டு எடத்துலயும் ஒரே டேஸ்ட்டு, தங்கச்சி. ஊரு வேற, சமைக்கிற ஆளு வேற, கோழியும் வேற. டேஸ்ட்டு மட்டும் ஒண்ணு. இதுக்குப் பேரு பிரான்சைஸாம்.”

“சரி, அதுக்கென்ன அண்ணே?”

“செத்த கோழிக்கு இருக்கு. உசுரோட இருக்குற மனுசன் தலைக்கு இல்லையே.”

இந்த யோசனையைக் கேட்டு வேறு யாராவது சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அவர் சொன்னது கிள்ளான் தவுக்கேயிடம். தவுக்கே என்றால் பெரிய வியாபாரி. லோரிகள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த தமிழர் அவர். பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒருமுறை அண்ணனிடம் வெட்டிக்கொண்டு, கேட்ட கடன் கிடைத்ததிலிருந்து கத்தரியைக் கும்பிடாத குறை. முதல் கிளை கிள்ளானில், பிறகு டெங்கிலில், பிறகு பினாங்கு வரைக்கும் போகலாம் என்றார். பணம் அவருடையது. கேள்வி அண்ணனுடையது.

ஒப்பந்தத்தை எழுதியவர் என் முதலாளி. எழுதும்போதே பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: “கேள்வி உம்மட சொத்து. அதை ஏன் ரெண்டு பேருக்கும் உரித்து எண்டு எழுதச் சொல்லுறீர்?”

“கேள்விதான ஐயா. யாரு கேட்டா என்ன?” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் அண்ணன்.

கிள்ளான் கடையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு விதிமுறைகள் வேண்டுமாம். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கேள்வியைத் துணி போர்த்திய பிறகுதான் கேட்க வேண்டும்; முன்பே கேட்டால் ஆள் எழுந்து போய்விடுவார். கண்ணாடியைப் பார்த்துக் கேட்கக் கூடாது. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பதில் வரும் வரை கத்தரியைத் தொடக் கூடாது.

“யாரையும் பாக்கலன்னு சொன்னா என்ன செய்யணும், அண்ணே?” என்று கேட்டேன்.

சம்பளத்துக்கு வெட்டுகிற இளைஞர்களிடம், வருகிறவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடு என்று எப்படிச் சொல்வது?

“அத அடிக்க வேணாம், தங்கச்சி. அந்த எடத்துல அவங்களுக்கே தெரியும்.”

நான் அடுத்த விதிக்குப் போனேன்.

கிள்ளான் கடை திறந்த நாளில் நானும் முதலாளியும் போயிருந்தோம். ஏர்கண்டிஷன், சீருடை, வாசலில் வாழைமரம். கடைப் பெயரைவிடப் பெரிதாக, சிவப்பு எழுத்தில், ‘யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?’ என்று போர்டு. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டையில் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். பாக்கியம் அக்கா என் காதில், “நேத்துலேருந்து சாப்பிடல லா, இந்த மனுசன்,” என்றார்.

கூட்டம் அள்ளியது. முதல் கலவரத்துக்கும் அதிக நாள் ஆகவில்லை. ஒரு வாடிக்கையாளர், பக்கத்து ஊர் மேருவில் ஒருத்தங்களைப் பார்க்கணும் என்று மெல்லிய குரலில் சொல்லியிருக்கிறார். சீருடை இளைஞனோ விதியை மீறாதவன். “ஒருத்தங்கன்னா யாரு பாஸ்? கரெக்டா சொன்னாத்தான் வெட்ட முடியும்,” என்று பஸ் கண்டக்டர் குரலில் கேட்டிருக்கிறான். அவரும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லித் தொலைத்தார். அடுத்த நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு படுத்திருந்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். பச்சைத் துணி பின்னால் பறக்க ஒருவர் ஓட, நுரை பறக்க இன்னொருவர் துரத்த, கிள்ளான் கடைத்தெரு ஒரு வாரத்துக்கு வேறு எதையும் பேசவில்லை. உடைந்த கண்ணாடியைப் பற்றித் தவுக்கே கவலைப்படவில்லை. நல்ல விளம்பரம் என்றார். அண்ணன் இந்தக் கதையை எங்களுக்கு நடித்துக் காட்டினார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதுதான் அவர் கடைசியாக நடித்துக் காட்டிய கதை.

கொஞ்ச நாளில் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர் அங்கே வந்திருக்கிறார். நெற்றியிலும் ஒரு பக்கத்திலும் வெட்டிய பிறகுதான் அங்கிருந்த வேறோர் இளைஞனுக்குக் கேள்வி ஞாபகம் வந்திருக்கிறது. கேட்டான். “யாருமில்லப்பா,” என்றார் பெரியவர். அதற்கு விதி எதுவும் இல்லை. அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பி, “இவருக்கு யாருமே இல்லையாம் லா. என்ன கட்டிங் போடலாம்?” என்றான். கடையே சிரித்தது. பெரியவர் கழுத்து முடிச்சைத் தானே அவிழ்த்து, துணியை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, பாதித் தலையோடு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் இது அண்ணன் காதுக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். பாசாரில் தேடினார், பஸ் நிலையத்தில் தேடினார், துறைமுக வாசலில் வேலை விடும் நேரத்தில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். தலை கோணலாக இருந்த ஒருவரை நிறுத்தி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். “எதுக்குங்க? இது என் சம்சாரம் வெட்டுனது,” என்றாராம் அவர். பல நாள் இப்படிப் போய் வந்தார். அந்தப் பெரியவர் அகப்படவே இல்லை.

ஒரு மத்தியானம் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் ரோட்டுப் புழுதி. கோப்பி வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“அந்தாள் வேற கடைக்குப் போய் மிச்சத்தை வெட்டியிருப்பார். விடும், ஐசே,” என்றார் முதலாளி.

“வெட்டியிருப்பாரு, ஐயா. பாதித் தலையோட அங்க போயி என்ன நடந்துச்சுன்னு சொல்லியிருப்பாரு?”



இனிமேல் யாரும் கேள்வி கேட்க வேண்டாம், போர்டை இறக்கு என்று தவுக்கேயிடம் போய்ச் சொன்னார் அண்ணன். தவுக்கே கெட்டவர் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “அதுதான நம்ம ஸ்பெசல், பாஸ்? அத எடுத்துட்டா நாம சும்மா முடி வெட்டுற கடைதான?” என்றார். முதலாளி அந்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் படித்தார். எங்காவது ஓர் ஓட்டை அகப்படாதா என்று பார்த்தார். நன்றாக எழுதித் தொலைத்திருக்கிறேன் என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார்.

கிள்ளானில் நிறுத்த முடியாத கேள்வியை அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் நிறுத்திவிட்டார். வழக்கமாக வருகிறவர்கள் உட்கார்ந்து, துணி போர்த்தியதும் பதிலோடு காத்திருப்பார்கள். “கட்டையா வெட்டவா, மீடியமா?” என்று கேட்பார் அவர். உடம்பு சரியில்லையா அண்ணே என்று விசாரித்தார்கள். பிறகு அவர்களும் பழகிக்கொண்டார்கள். சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மாடியில் என் டைப்ரைட்டர் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது.

அந்த வருடம் முடிவதற்குள் பிரிக்பீல்ட்ஸ் கடையையும் தவுக்கேயிடம் ஒப்படைத்துவிட்டு, கிள்ளானுக்கு அப்பால் காப்பார் என்ற ஊரில் ஒரு சொந்தக்காரர் கடையில் வேலைக்குப் போய்விட்டார். பாக்கியம் அக்கா மட்டும் மாடிக்கு வந்து சொல்லிக்கொண்டு போனார். அண்ணன் வரவில்லை. லோரியில் சாமான் ஏறுவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மேலே நிமிர்ந்து பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. டெங்கில் கிளையும் பினாங்கு கிளையும் வரவே இல்லை. சில வருடங்களில் கிள்ளான் கடையும் கைமாறி, சிவப்பு எழுத்தின் மேல் ஏதோ ஒரு டயர் கடையின் மஞ்சள் பெயிண்ட் ஏறியது.

என் முதலாளிக்கு அந்த நாளில் தலையில் சொல்லிக்கொள்ளும்படி முடி கிடையாது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் நரை, அவ்வளவுதான். ஆனாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆபீஸை மூடிவிட்டு, கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து காப்பாருக்கு இன்னொரு பஸ் ஏறிப் போய் வருவார். கார் இருந்தும் பஸ்ஸில்தான். வழியில் தூங்கலாமாம்.

“எப்படி இருக்கிறார் சார்?” என்று திங்கட்கிழமை கேட்பேன்.

“இருக்கிறார், பிள்ளை. கதைக்கிறது குறைஞ்சு போச்சு. கை மட்டும் அப்பிடியேதான் இருக்கு,” என்று சொல்லி பின்கழுத்தைத் தடவிக்கொள்வார்.

அது ஆண்களுக்கு முடி வெட்டும் கடை. இல்லாவிட்டால் நானும் பஸ் ஏறியிருப்பேன்.