கயித்தப் பிடிக்க ஆரு?

தூத்துக்குடியில் மூச்சண்ணனைப் போல் துணிச்சலான ஆளும் கிடையாது, அவரைப் போல் பயந்தாங்கொள்ளியும் கிடையாது. இரண்டு பட்டத்தையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் தெரு நிம்மதியாக இருந்தது. மனிதர் சங்கு குளிப்பவர். வாலிபத்தில் அவர் ஒரு முறை மூச்சடக்கிக் கடலுக்குள் போனால், மேலே இருப்பவர்கள் டீ குடித்து கிளாஸையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம் என்பார்கள். அவருடைய நிஜப் பெயர் ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்குத்தான் தெரியும்.

அப்பேர்ப்பட்டவர் ஜவுளிக்கடை லிப்டில் ஏற மாட்டார். ஏறச் சொன்னால், "கயித்தப் பிடிக்க ஆரு?" என்று கேட்பார். ஒரு தடவை விற்பனைப் பெண் மிரண்டுபோய் மேனேஜரைக் கூப்பிட்டாள். அந்த மேனேஜரை மேல்மாடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் மூச்சண்ணன் லிப்டுக்குள் காலை வைத்தார்.

தெருவில் ஒரு பெண்ணுக்குக் கோயம்புத்தூர் காலேஜில் இடம் கிடைத்தபோதும் இதே கேள்விதான். "அங்கன கயித்தப் பிடிக்க ஆரு?" நான் ஹெர்னியா ஆபரேஷனுக்குக் கிளம்பி ஆட்டோவில் உட்கார்ந்த நேரம் பார்த்து ஓடி வந்தார். "மயக்க மருந்து குடுத்தா நேரா கீழ போயிருவிய சார். மேல இழுக்க ஆள் வச்சிருக்கியளா?" என் மனைவி ஆஸ்பத்திரி வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். எனக்குத் தைரியம் சொல்ல வந்தாராம்.

இந்தக் கேள்வி அவர் பிழைப்பிலிருந்து வந்தது. குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் நின்று பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாக, அதாவது மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் பழைய வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுப்பதை எவனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான், கயிற்றை விட மாட்டான் என்பது கணக்கு. கம்ப்ரஸரும் காற்றுக் குழாயும் வந்த பிறகும் மூச்சண்ணன் மச்சான் கையில் கயிறு இல்லாமல் இறங்கியதில்லை. ஒரு தடவை இழுத்தால் 'நல்லா இருக்கேன்'. இரண்டு தடவை இழுத்தால் 'மேலே வரணும்'.

ஒரு நாள் இரண்டு தடவை இழுத்தார். பதில் இல்லை. மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு, தானாகவே நீந்தி மேலே வந்தார். மச்சான் மாரடைப்பில் விழுந்து, கயிற்றைக் கையில் சுற்றியபடியே கிடந்தார். பக்கத்தில் கம்ப்ரஸர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் மூச்சண்ணன் கடலில் இறங்கவில்லை. சங்குக் குடோனில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய்விட்டார்.

அங்கே இருக்கும்போதுதான் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது. கிராம்பு, உப்புத் தண்ணீர், ஐஸ் கட்டி எல்லாம் தோற்ற பிறகு அவர் மனைவி செலின் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாராம். பல்லுக்குள் நரம்பு செத்து அழுகியிருக்கிறது, மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரைக்கும் சுத்தம் செய்து, அடைத்து, மேலே ஒரு தொப்பி மாட்ட வேண்டும், நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும். "செத்துக் கெடக்கிறத எதுக்கும்மா தோண்டுதிய?" என்று கேட்டிருக்கிறார் மூச்சண்ணன்.

வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லிவிட்டு டாக்டர் வேலையை ஆரம்பித்தார். மூச்சண்ணன் கையைத் தூக்கவில்லை. எச்சிலை உறிஞ்ச வாயில் போட்டிருந்த குழாயைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தார். குழாய் கழன்று கையோடு வந்தது. டாக்டர் அதைத் திரும்ப மாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மறுபடி இரண்டு தடவை இழுத்தார், மறுபடி குழாய் வந்தது. இந்தக் கதையைக் கேட்டுத் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

"ரொம்ப வலிச்சுதோ?" என்று கேட்டேன்.

"வலியா? ஊசி போட்ட பொறவு ஒண்ணும் தெரியல சார்."

"பின்ன எதுக்குக் குழாயப் பிடிச்சு இழுத்திய?"

"இழுத்துப் பாத்தேன். மேல ஆருமே இல்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

முதல் தடவையிலேயே வலி போய்விட்டதால், பல் குணமாகிவிட்டது என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஊரில் பாதிப் பேர் செய்கிற தப்புதான். தற்காலிகமாக வைத்த அடைப்பை ஒரு நண்டுக் காலோடு சேர்த்து விழுங்கினார். கொஞ்ச நாளில் தாடை வீங்கியது. வாயைத் திறக்க முடியவில்லை. கஞ்சியை உறிஞ்சிக் குடித்தார்.

டாக்டர் மாத்திரை கொடுத்து, வீக்கம் சற்று வடிந்ததும் உடனே வரச் சொன்னார். தள்ளிப்போட்டால் வீக்கம் தொண்டைக்கு இறங்கி மூச்சை அடைத்துவிடும், ஆள் தங்காது என்று செலினிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மூச்சண்ணன் பல்லுக்கிடையில் முனகியது ஒன்றுதான். "கயித்துல ஆள் இல்லாம எறங்க மாட்டேன்."

வீக்கம் சற்று வடிந்த அன்று காலையில் செலின் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தக் கயிறு.

"அண்ணே, நீங்க வந்து பிடிங்க."

"நானா? அதுக்கு மச்சான்லா வேணும்? நான் ஏரல்காரன், கப்பல் ஆபீஸ்ல பேப்பர் பாக்கிறவன். நமக்குள்ள என்னம்மா சொந்தம்?"

"இந்தத் தெருவுக்கு வந்த நாள்லேருந்து உங்கள அண்ணேன்னுதான கூப்பிடுதேன். அப்ப அவுகளுக்கு நீங்க என்ன மொறை?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை நீட்டினாள். "எங்கண்ணன் போயாச்சு. இவுகளும் போயிட்டா நான் ஆரப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டரம்மா கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செலினின் அழுத முகத்தைப் பார்த்தார். "சுத்தமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"டெட்டால்ல அலசியிருக்கு" என்றாள் செலின்.

ஒரு முனை மூச்சண்ணன் மணிக்கட்டில், மறு முனை என் கையில். கால்மாட்டில் நின்றேன். ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டி, பல்லைத் திறந்ததும் சங்குச் சதை அழுகுகிற குடோன் வாடை அடித்தது. பிறகு டாக்டர் தலைமுடி கனத்தில் ஒரு கம்பியை எடுத்துப் பல்லின் வேருக்குள் விட்டுக் குடைய ஆரம்பித்தார். எனக்கு ரத்தம் என்றாலே ஆகாது. கை வெட்டி வெட்டி இழுத்தது, சரியாக இரண்டு தடவை. மேலிருந்து இரண்டு இழுப்பு வந்தால் குளியாள் உடனே ஏற வேண்டும். வாயில் ரப்பரும் பல்லில் கம்பியுமாக மூச்சண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சார், ட்ரீட்மென்ட் அவருக்கா, உங்களுக்கா?" என்று டாக்டர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

அதன் பிறகு நான் வாயைப் பார்க்கவேயில்லை, கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் கயிறு ஒரு தடவை அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். நானும் பதிலுக்கு ஒரு தடவை இழுத்தேன். கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு இழுப்பு. மறுபடி நான். வேலை முடிகிற வரைக்கும் இப்படியே போனது.

வெளியே வந்ததும் கேட்டேன். "வலிச்சுதா? எதுக்கு இழுத்துக்கிட்டே இருந்திய?"

பாதி வாய் மரத்து எச்சில் வழிந்தது. துடைத்துக்கொண்டே சொன்னார். "வலியெல்லாம் இல்ல மச்சான். மேல ஆள் இருக்கான்னு பாத்தேன்."

மிச்சத் தடவைகளுக்கும் நான்தான் போனேன். தொப்பி மாட்டியாகிவிட்டது. இப்போது அதே பல்லால் நண்டு கடிக்கிறார். கயிறு என் வீட்டிலேயே தங்கிவிட்டது. துணி காயப்போட நல்ல கயிறு என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் தரவில்லை.