பேராயரின் பீப்பாய் மூடி

எல்ம்ஃபோர்ட், அக்டோபர் 1634

பேராயரின் அலுவலகத்தில் எழுத்தராய் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் கில்பர்ட் அவர்களுக்கு, பீப்பாய்க்காரனும் கோயில் காரியம் பார்ப்பவனுமான உங்கள் தங்கை புருஷன் ஹம்ஃப்ரி தலைவணங்கி எழுதிக்கொள்வது. உங்கள் கால்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பிப்ரவரியில் எங்கள் குட்டி ஏக்னஸை மண்ணுக்குக் கொடுத்ததிலிருந்து உங்கள் தங்கை சிசிலி என்னோடு பேசுவதில்லை. "பெத்த புள்ள போயும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன்" என்று அன்று சொன்னதுதான் கடைசி. அது கிடக்கட்டும். எங்கள் பாதிரியார் எவரார்ட் பெல்லைப் பேராயரிடம் சொல்லி வேறு ஊருக்கு மாற்றிவிடுங்கள்.

மனுஷர் கவிஞர், அதுதான் வினை. பாட்டுகளை அச்சுக்குத் தருவதில்லை. லண்டனில் பெரிய மனிதர்கள் கையால் நகலெடுத்து உருகுகிறார்களாம். எங்களுக்குக் கிடைப்பதோ கேள்விகள். வாத்துக்காரியிடம் ஒரு முட்டையை வாங்கி, "உள்ள இருக்கறவனுக்கு இந்த ஓடுதானம்மா வானம். அது ஒடையறப்ப சாவுன்னு நெனப்பானா, பொறப்புன்னு நெனப்பானா?" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு முட்டை உடைக்க மனசே வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும்தான்!

போன வாரம் என் பட்டறைக்கு வந்து, "ஆணி இல்ல, பசை இல்ல, எப்படிய்யா இதுல தண்ணி நிக்குது?" என்றார். "வளையம் இறுக்குது ஐயா. ஆனா காயவிட்டா பலகை சுருங்கி ஒழுகும். ஊறப்போட்டா உப்பித் தானே சேர்ந்துக்கும்" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். மரச்சீவலிலேயே உட்கார்ந்து, மரத்தில் குறி போடும் என் ஊசியை எடுத்துப் பக்கத்திலிருந்த மூடியில் பாட்டைக் கீற ஆரம்பித்துவிட்டார். அது உங்கள் பேராயர் சொல்லிச் செய்த பீப்பாயின் மூடி! ஞாயிறன்று பிரசங்க மேடையில் மணல் கடிகாரம் தீர்ந்ததும் இன்னொரு மணி நேரத்துக்குத் தானே திருப்பி வைத்துக்கொண்டு, "காஞ்ச பீப்பாய்ல ஆண்டவர் எதை ஊத்தி வைப்பார்? அழுதாத்தான்யா பலகையும் பலகையும் சேரும்" என்றார். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. அடுப்பில் கறி கருகுவதைக்கூட ஒருத்தியும் நினைக்கவில்லை. இருபது வருஷமாக நான் தட்டும் மரம் மச்சான், அதற்குள் இது இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே! இப்படி என்னை உரித்துப் போட்டவர் முகத்தில் தினமும் எப்படி விழிப்பது? மாற்றிவிடுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் குறைவில்லாத சுகம் அருளட்டும்.

இப்படிக்கு,
ஹம்ஃப்ரி

பி.கு.: கடிதத்தை மூடி முத்திரை மெழுகு வைக்கப்போகையில் சிசிலி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "ஏக்னஸ் பேர எழுதினப்ப மை கரைஞ்சிருக்கே" என்றாள். எட்டு மாதத்தில் முதல் பேச்சு. பக்கத்தில் பெரிதாகக் கரைந்திருப்பது அவளுடையது. பாதிரியாரை மாற்ற வேண்டாம். பேராயருக்கு வேறு மூடி செய்து அனுப்புகிறேன். அந்த மூடியை உங்கள் தங்கை தரமாட்டாளாம்.