பாணை முகர்ந்து பார்த்த பேராசிரியர்

கூச்சமுள்ளவன் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டான். தானே ஒரு முடிவுக்கு வந்துவிடுவான். அப்படித்தான் நான் ஒரு வெள்ளைக்காரரை ஐரோப்பியப் பல்கலைக்கழகமொன்றில் பேராசிரியராக்கினேன்.

எங்கள் கடலோர ஊரான கண்டக்குழியில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருபவர்கள் தங்கும் விடுதியொன்றில் நான் சமையல்காரன். மகள் ஸஹ்ரா அப்போது கலாநிதிப் பட்ட (பிஎச்.டி.) ஆய்வுக்கு வெளிநாட்டில் இடம் தேடிக்கொண்டிருந்தாள். கடலோடு சேர்ந்த எங்கள் உப்புநீர்க் களப்பில் வளரும் கடற்புல்லைப் பற்றிய ஆய்வு. (புல்லுக்காக ஐரோப்பாவுக்குப் போகவேண்டுமா என்று நான் கேட்கவில்லை. கூச்சம்.) பேராசிரியர்களுக்கு ஈமெயில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். சிலர் இடமில்லை என்றார்கள். பலர் அதைக்கூடச் சொல்லவில்லை. பிள்ளை சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

அந்த நேரம்தான் அவர் வந்தார். வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. சுபஹுத் தொழுகைக்கு முன்பே எழும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடற்கரையில் நடப்பார். காலையில் நான் வைக்கும், அவர்கள் பிரெட் என்று சொல்லும் பாணைப் பிய்த்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பாணையே இப்படி ஆராய்கிறவர் வேறு யாராக இருக்க முடியும்?

வீட்டில் சொன்னேன்.

"பேராசிரியரெண்டு ஆரு வாப்பா சொன்ன?" என்றாள் ஸஹ்ரா.

"ஆரும் சொல்லணுமா? பார்த்தாலே தெரியுது."

"நீங்க கேட்கல்லயா?"

"பெரிய மனுசர்ட்ட போய் நீங்க ஆருண்டு கேட்கிறதா? சும்மா இரி மகள்," என்று மனைவி என் பக்கம் சேர்ந்தாள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்து அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். "கம். ஹவுஸ். ஈட்." வந்தார். இறால் பொரியலும் இனிப்புக்கு வட்டிலப்பமும் வைத்தோம். ஸஹ்ரா கம்பியூட்டரில் படங்களைக் காட்டிக் கடற்புல்லை விளக்கினாள். அவர் சாப்பிடக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற நான் மனசுக்குள் மகளை விமானத்தில் ஏற்றிக் கையும் காட்டிவிட்டேன்.

கடைசியில் அவள் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"என்னவாம்?" என்றேன்.

"இடமிருக்காண்டு கேட்டன் வாப்பா. இவர் பேக்கரி வச்சிருக்காராம். மா குழைக்க ஆள் தேவையாம். என்னை வரட்டாம்."

எனக்குக் களப்பில் மூழ்கிவிடலாம் போலிருந்தது. (எங்கள் பக்கம் முழங்காலளவு தண்ணீர்தான். அதற்கும் வழியில்லை.)

முதலில் சிரித்தது ஸஹ்ராதான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! என்ன நடந்ததென்று விளங்காமலே அவரும் சேர்ந்து சிரித்தார். மனைவி அவருக்கு இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தாள்.

மறுநாள், பேக்கரிக்காரருக்கு விளக்கிய மாதிரியே எளிமையாகக் கடிதத்தை மாற்றி எழுதினாள். இந்த முறை ஒரு பேராசிரியர் பதில் போட்டார். (அசல் பேராசிரியர். அவளே விசாரித்துவிட்டாள்.)

அவரிடமே போய்ப் படித்து இப்போது அவள் அங்கே கலாநிதி. ஆனால் அதற்குப் பிறகும் அடுத்த ஆய்வுப் பதவியைத் தேட வேண்டுமாம். திரும்பவும் அதே ஈமெயில், அதே காத்திருப்பு. போன கிழமை கோல் எடுத்தபோது குரல் வாடியிருந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். அந்த நேரம் பாண் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது.

"ஓடுங்க, பேராசிரியர் வாறார்!" என்று குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி கத்தினாள். எங்கள் வீட்டில் அந்த ஆட்டோவுக்கு வேறு பெயரே கிடையாது.

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "வாப்பா, இடமிருக்காண்டு கேட்டுப் பாருங்க!"

போனேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.