மாப்பிள்ளைக்குக் கியர்பெட்டி படிப்பித்த கதை

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, மருந்தில்லாத வருத்தம். "தெரியாது" என்ற சொல் வாயில் வராது. பௌதிகவியல் ஆசிரியருக்கு அது தொழிலோடு வந்த வருத்தம் என்றும் சொல்லலாம். முப்பது பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? நான் சொல்வதைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். கார் அப்படி இல்லை என்பதை நான் பூநகரி வீதியில் வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அது என்னுடைய முதல் கார். ஜப்பானில் யாரோ ஓடி, கொழும்பில் யாரோ ஓடி, கடைசியில் கிளிநொச்சிக்கு வந்து என் தலையில் விழுந்த ஹைபிரிட். ஓட்டோ கியர். கால்மாட்டில் பிரேக் ஒன்று, அக்சிலேற்றர் ஒன்று, வேறு மிதி கிடையாது. கிளச் மிதி இல்லை, ஆகவே கிளச்சே இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். (படித்த மனிசன்!)

மூன்றாம் மாதம் கார் குணம் காட்டத் தொடங்கியது. அக்சிலேற்றரை அமத்தினால் இஞ்சின் கத்தும், கார் போகாது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டதுபோல ஒரு உதறு உதறிவிட்டுப் போகும். முதலில் ரயரில் காற்றுக் காணாது என்றேன். அடுத்த கிழமை பெற்றோலில் கலப்படம் என்றேன். அதுவும் இல்லையென்றானதும் கியர் எண்ணெயை மாற்றினேன். கடைசியில் மனைவியின் கரைச்சல் தாங்காமல் ஏ9 வீதியில் கராஜ் வைத்திருப்பவரிடம் காட்டினேன். அவர் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, "சேர், கிளச் வழுக்குற மாதிரிக் கிடக்கு. வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் கொம்பியூட்டர் போட்டுப் பாருங்கோ" என்றார்.

"கிளச் எங்கை இருக்கெண்டு காட்டும் பாப்பம்" என்று கால்மாட்டைக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், "சரி சேர்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். வேறு என்னதான் சொல்வார், பாவம்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை பூநகரி. பெயர் நிர்மலன், கொழும்பில் என்ஜினியர். எங்கள் சனத்துக்கு அந்த ஒரு சொல் போதும். சாதகம் விசாரித்தோம், குடிக்கிறவரோ என்று விசாரித்தோம், சின்ன வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்ததா என்றுகூட மாமி விசாரித்தா. என்ன என்ஜினியர் என்று மட்டும் ஒரு சீவன் கேட்கவில்லை. கட்டடம் கட்டுகிறவராக்கும் என்று நான் என்பாட்டில் நினைத்துக்கொண்டேன்.

மண்டபம் கிளிநொச்சியில். பொம்பிளைக்கு ஆண் சகோதரம் இல்லாதபடியால், பூநகரிக்குப் போய் மாப்பிள்ளையைக் கூட்டிவரும் பொறுப்பு மூத்த மருமகனான என்னுடையது. முகூர்த்தம் பதினொன்றரையோடு முடிகிறது. அதை விட்டால் ஆடி கழிந்துதான் அடுத்தது. அதற்குள் மாப்பிள்ளை தூர தேசம் எங்கோ ஒரு வருசப் பயிற்சிக்குப் போகிறார். அதாவது, அன்றைக்குத் தாலி கட்டாவிட்டால் கவிதா இன்னும் ஒரு வருசம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"இஞ்சருங்கோ, ஒரு வான் பிடிப்பம். உந்தக் காரை நம்பேலாது" என்றாள் மனைவி.

"நான் ஓடுற கார் எனக்குத் தெரியாதே?"

அந்த வசனத்தை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போடவேண்டும்போல இருக்கிறது.

பூநகரியில் மாப்பிள்ளை பட்டு வேட்டி, தலைப்பாகையோடு பின் சீற்றில் ஏறினார். தலைப்பாகை கூரையில் இடித்தபடியால் தலையைச் சரித்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் அவருடைய பெரியம்மா. சனம் எல்லாம் பஸ்ஸில் முன்னுக்குப் போய்விட்டது. நாங்களும் ஒரே மிதியில் போயிருக்கலாம். ஆனால் பிரதான வீதி வரைக்கும் மேளம் முன்னுக்குப் போகவேண்டும், கார் பின்னால் ஊர்ந்து வரவேண்டும் என்பது அவர்கள் வீட்டு ஒழுங்கு. நாதஸ்வரக்காரர் அன்றைக்கென்று நின்று நிதானமாக வாசித்தார். அரை மைல் தூரம், நடை வேகத்தைவிடக் குறைந்த வேகம். பிரேக்கை விடு, பிடி, விடு, பிடி. முக்கால் மணித்தியாலம் போனது. தவில்காரர் இடையில் ஒருக்கால் நின்று தண்ணீரும் குடித்தார்.

வீதிக்கு ஏறும்போது டாஷ்போட்டில் ஒரு மஞ்சள் வெளிச்சம் பத்தியது. கீழே ஜப்பான் மொழியில் நாலு வரி.

"என்ன தம்பி அது?" என்றா பெரியம்மா.

"பெல்ற் போடச் சொல்லுது பெரியம்மா."

பெரியம்மா பெல்ற் போட்டா. வெளிச்சம் நிற்கவில்லை.

கொஞ்சத் தூரத்தில் இஞ்சின் கத்தத் தொடங்கியது. கார் போகவில்லை. சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனார். மாப்பிள்ளை பதறக்கூடாதே என்று நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். கியர்பெட்டி என்றால் என்ன, முறுக்குத்திறன் என்றால் என்ன, ஓட்டோ காரில் எல்லாம் எண்ணெயாலேயே நடக்கிறது, தேய்வதற்கு உள்ளே ஒன்றுமில்லை என்று பத்து நிமிட வகுப்பு.

"உமக்கு விளங்குதோ தம்பி? சீமெந்து குழைக்கிற மெசின் மாதிரி நினைச்சுக்கொள்ளும்."

"ஓம் அண்ணை" என்றார் நிர்மலன்.

நல்ல பிள்ளை, கவனமாகக் கேட்கிறது என்று எனக்குப் புளுகம் தாங்கவில்லை.

மனைவி தொலைபேசியில் வந்தாள். "எங்கை நிக்கிறியள்?"

"நிக்கேல்லை. வந்துகொண்டிருக்கிறம்." (அது பொய்யில்லை. ஆமையும் வந்துகொண்டுதான் இருக்கும்.)

மனைவி வைத்ததும் காரை ஓரங்கட்டி, என்னுடைய கடைசிப் பரிசோதனையைச் செய்தேன். இடது காலால் பிரேக்கை இறுக்கிக்கொண்டு, வலது காலால் அக்சிலேற்றரை அடிவரைக்கும் அமத்தினேன். எங்கோ ஒரு வீடியோவில் பார்த்தது. பின்னால் மாப்பிள்ளை "அண்ணை..." என்று ஏதோ தொடங்கினார். பெரியம்மா அவருடைய தொடையில் ஒரு தட்டுத் தட்டினா. அவர் நிறுத்திக்கொண்டார். அடுத்த நிமிடம் அடியிலிருந்து புகை வந்தது. அதற்குப் பிறகு கார் ஒரு அடிகூட அசையவில்லை. நேரம் பத்தேமுக்கால். இரண்டு பக்கமும் வயல். அடுத்த பஸ் எப்போது வரும் என்று பூநகரியில் யாருக்கும் தெரியாது.

இறங்கி வீதியோரத்தில் நின்றேன். மணவறையில் கவிதா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குள் வந்துவிட்டது. அப்போது நண்டும் றாலும் ஏற்றிய சின்ன லொறி ஒன்று வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் ரஃபீக் நானா, கிளிநொச்சிச் சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவர். இறங்கினார், மூக்கைச் சுளித்தார்.

"சேர், கிளச் கருகிப்போச்சு."

எனக்கு வந்த கோபம்! "நானா, இது ஓட்டோ. இதிலை கிளச்சே இல்லை!"

பின் கதவு திறந்தது. மாப்பிள்ளை தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்ணை, இதுக்கு ரெண்டு கிளச் இருக்கு."

நான் குனிந்து இன்னொருக்கால் கால்மாட்டைப் பார்த்தேன்.

"ஒண்டு, மூண்டு, அஞ்சாம் கியருக்கு ஒரு கிளச். மற்றக் கியருகளுக்கு மற்றது. வெளிக்கிட்ட நேரம் தொட்டுக் கவனிச்சனான், ஒண்டிலையும் மூண்டிலையும்தான் வழுக்கினது. மேளத்துக்குப் பின்னாலை ஊர்ந்ததிலை சூடேறிப்போச்சு. அந்த ஜப்பான் எழுத்தும் அதைத்தான் சொன்னது. ஒரு அரைமணித்தியாலம் ஆறவிட்டிருந்தா மெதுவா வந்திருக்கலாம். நீங்கள் ரெண்டு மிதியையும் சேத்து அமத்தினதோடை முடிஞ்சுது."

"உமக்கு உது எப்பிடித் தெரியும்?"

"கொழும்பிலை நான் பாக்கிற வேலையே உதுதான் அண்ணை. கியர்பெட்டி. அந்த ஜப்பான் எழுத்தும் அங்கை பழகினதுதான்."

"ஐயோ, முதலே சொல்லியிருக்கலாமே!"

பெரியம்மா முந்திக்கொண்டா. "நான்தான் தம்பி சொன்னனான். பொம்பிளை வீட்டுக்காரரோடை முதல் நாளே எல்லாம் தெரிஞ்சவர் மாதிரிக் கதைக்காதை, வாயை மூடிக்கொண்டு இரு எண்டு."

எனக்கும் யாராவது ஒரு பெரியம்மா இருந்திருக்கலாம்.

நானா நேரத்தைப் பார்த்தார். "கதை பிறகு, ஏறுங்கோ!" என்றார். மாப்பிள்ளையும் பெரியம்மாவும் முன்னுக்கு ஏறினார்கள். நான் பின்னால், பட்டு வேட்டியோடு நண்டுப் பெட்டிகளுக்கு நடுவில். பரந்தன் சந்தியில் என்னுடைய மாணவர்கள் மூன்று பேர் நின்று கும்பிட்டார்கள். நானும் பெட்டியைப் பிடித்த கையோடு தலையை ஆட்டினேன்.

பதினொன்று இருபதுக்கு மண்டபத்தில் இறங்கினோம். ஐயர் மந்திரத்தை இரட்டை வேகத்தில் சொன்னார். முகூர்த்தம் முடிய இரண்டு நிமிடம் இருக்கத் தாலி ஏறியது. அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அந்தச் சைவ மண்டபம் முழுக்க றால் மணத்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பந்தியில் மட்டும் என் இலைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கவில்லை.

காரை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து, பிறகு வவுனியாவுக்கு அனுப்பினோம். அங்கே கொம்பியூட்டர், மாப்பிள்ளை சொன்னதை எழுத்துப் பிசகாமல் சொன்னது.

இதெல்லாம் நடந்து கொஞ்சக் காலமாகிவிட்டது. ஆனால் வீட்டில் ஒரு புதுச் சட்டம் நிரந்தரமாகிவிட்டது. போன மாதம் குழாய்க்கிணறு அடிப்பதற்கு இடம் பார்க்க ஒருவர் வந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நிலத்துக்குக் கீழே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று தொடங்கினேன். குசினிக்குள்ளிருந்து என் மகள் வந்தவரிடம் ஓடிவந்தாள்.

"மாமா, அப்பா தொடங்கமுன்னம் சொல்லுங்கோ. நீங்கள் என்ன படிச்சனீங்கள்?"

அவர் கூச்சத்தோடு, "நிலத்தடி நீர்தான் பிள்ளை" என்றார்.

நான் எழும்பி அவருக்குத் தேத்தண்ணீர் போடப் போனேன்.